வாய்ச் சூட்டில் விழித்துக்கொள்ளும் கம்பி

இரவு மணி பதினொன்று இருக்கும். அடுப்படியைத் துடைத்து முடித்து, அரைத்து வைத்த மாவை மூடிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது. திரும்பிப் பார்த்தால் என் பெண். ஒரு கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட நின்றாள்.

"அம்மா, வலிக்குதும்மா. நாளைக்கே போய் இதைக் கழட்டச் சொல்லும்மா."

அன்று காலையில்தான் பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். வயது 13. மேல்வரிசையில் ஒரு சிங்கப்பல் மாடி ஏறி நிற்கும். கீழ்வரிசைப் பற்கள் பஸ்ஸில் இடம் கிடைக்காத கூட்டம் போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்கும். "சிங்கப்பல் அதிர்ஷ்டம்டி, அதை ஏன் இழுத்துக் கட்டறே? பொம்பளைப் பிள்ளை வாயில கம்பி என்ன வேண்டியிருக்கு?" என்று என் மாமியார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நான்தான் பிடிவாதமாக அழைத்துப் போனேன்.

பிள்ளை அழுதால் நம் கை சும்மா இருக்குமா? பாலைச் சுடச்சுடக் காய்ச்சி, மஞ்சளும் மிளகும் தட்டிப் போட்டு, "இதை வாயில கொஞ்ச நேரம் வச்சிருந்து முழுங்கு கண்ணு, இதமா இருக்கும்" என்று கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தாள். அழுகை அடங்கவில்லை. "இன்னும் இறுக்குதும்மா!" என்று வீறிட்டாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த இரவில் எனக்கு என் 13-வது வயது ஞாபகம் வந்துவிட்டது.

முந்தானைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு

1990-ம் வருஷம். எனக்கும் பல்லுக்குக் கம்பி கட்டினார்கள். அப்போது எனக்குப் போட்டது எவர்சில்வர் கம்பி. நம் வீட்டு டம்ளர், தட்டு எல்லாம் எந்த உலோகமோ, அதன் நெருங்கிய உறவுதான் அதுவும். டாக்டர் குறடால் அதில் இங்கொரு வளையம் அங்கொரு வளையம் என்று முறுக்கி முறுக்கிக் கட்டுவார். மாதம் ஒரு முறை இறுக்குவார். இறுக்கிய அன்று ராத்திரி தலையணை நனையும். நாலு நாளைக்குக் கஞ்சிதான். அப்புறம் வலி விட்டுவிடும். பத்து நாள் கழித்தால் வாயில் கம்பி இருக்கிறதா என்றே தெரியாது. அடுத்த மாதம் மறுபடியும் அதே கதை.

ஆறாவது மாதம் என் அம்மாவுக்கு மனசு பொறுக்கவில்லை. "பாவம் பிள்ளை, பல்லு கோணலா இருந்தா என்ன, குணம் நேரா இருந்தாப் போதும்" என்று கழற்றச் சொல்லிவிட்டார். பாதியில் விட்ட பற்கள் ஒரே வருஷத்தில் பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்துகொண்டன.

அம்மாமேல் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் என் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்திலாவது நான் பல் தெரியச் சிரிக்கவில்லை. யாராவது தமாஷ் சொன்னால் என் கை தானாக முந்தானையைத் தேடும். கொஞ்ச நாளாக என் பெண்ணும் சிரிக்கும்போது கையால் வாயை மூட ஆரம்பித்திருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் டாக்டரைத் தேடிப் போனேன்.

இப்போது அதே வலி, அதே கண்ணீர், அதே "கழட்டச் சொல்லும்மா". என் அம்மா செய்ததையே நானும் செய்யப் போகிறேனா?

"என்ன குடிக்கக் கொடுத்தீங்க?"

விடிந்ததும் முதல் வேலையாக டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "ராத்திரி என்ன குடிக்கக் கொடுத்தீங்க?"

"சூடா மஞ்சள் பால், டாக்டர்."

மறுமுனையில் சிரிப்புச் சத்தம். "அதான் விஷயம். அந்தக் கம்பிக்குச் சூடு ரொம்பப் பிடிக்கும். பிள்ளையை ஒரு வாய் ஐஸ் தண்ணி கொப்பளிக்கச் சொல்லுங்க. அப்புறம் ரெண்டு பேரும் கிளம்பி வாங்க, ஒரு வேடிக்கை காட்டறேன்."

ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். வாயில் வைத்துக் கொப்பளித்தாள். அரை நிமிஷம் ஆகியிருக்காது, "அம்மா, இறுக்கம் விட்ட மாதிரி இருக்கு!" என்றாள். எனக்கோ ஒன்றும் புரியவில்லை. பல்வலிக்கு ஐஸ் தண்ணியா? நாம் கேள்விப்பட்ட வைத்தியத்துக்கு நேர்மாறாக அல்லவா இருக்கிறது!

இரண்டு டம்ளர் வேடிக்கை

டாக்டரம்மா மேஜையில் இரண்டு டம்ளர் வைத்திருந்தார். ஒன்றில் ஐஸ் தண்ணீர், மற்றதில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர். அவர் கையில் குதிரை லாடம் போல் வளைந்த இரண்டு மெல்லிய கம்பிகள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

முதல் கம்பியை விரலில் சுற்றி விட்டார். சுற்றியது சுற்றியபடியே சுருண்டு நின்றது. "இது எவர்சில்வர். உங்களுக்கு அந்தக் காலத்துல போட்டது. ஓர் அளவுக்கு மேல வளைச்சா திரும்பி வராது" என்றார்.

இரண்டாவது கம்பியை ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்து என் பெண்ணிடம் கொடுத்தார். "உன் இஷ்டத்துக்கு வளைச்சுக்கோ." ஈயக் கம்பி மாதிரி துவண்டது. அவள் அதை ஓர் எட்டுப் போல் கோணல்மாணலாக வளைத்தாள். அப்படியே கிடந்தது. "இப்போ வெந்நீர்ல போடு."

போட்டாள். அடுத்த நொடி! பாம்பு நெளிவது போல் ஒரு நெளி நெளிந்து, பழைய லாட வடிவத்தில் விறைத்து நின்றது கம்பி. என் பெண் வலியை மறந்து "ஐ!" என்று கை தட்டினாள். நான் வாயைப் பிளந்தேன், முந்தானையை மறந்து.

"உன் வாயில இருக்கறது இதுதான். நிக்கலும் டைட்டானியமும் கலந்த கம்பி. எடைக்கு நூற்றுக்கு 55 பங்கு நிக்கல், 45 பங்கு டைட்டானியம். தன் சொந்த உருவத்தை மறக்காத உலோகம். உன் பல் வரிசை கோணலா இருக்கு. அதுக்குத் தகுந்தபடி வளைச்சு மாட்டியிருக்கேன். உன் வாய்ச் சூட்டுல அது விழிச்சுக்கிட்டு, லாடமாத்தான் நிப்பேன்னு அடம் பிடிக்குது. அது நேராகும்போது பல்லையும் கூடவே கூட்டிட்டுப் போகுது. ராத்திரி அம்மா கொடுத்த சூடான பால், அதை இன்னும் கொஞ்சம் உசுப்பி விட்டுடுச்சு!"

புள்ளி அதேதான், வரிசைதான் வேறு

உலோகத்துக்கு ஞாபகசக்தி எப்படி வரும் என்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்டேன். டாக்டரம்மா ஒரு காகிதத்தில் புள்ளி வைக்க ஆரம்பித்தார். மார்கழி மாதம் நாம் வாசலில் வைக்கிறோமே, அதே நேர்ப்புள்ளிதான்.

எல்லா உலோகத்திலும் அணுக்கள் இப்படி வரிசை கட்டித்தான் நிற்கின்றன. சூடாக இருக்கும்போது இந்தக் கம்பியின் அணுக்கள் நேர்ப்புள்ளியாக நிமிர்ந்து நிற்கும். அப்போது கம்பி விறைப்பு. குளிர்ந்தால் அதே புள்ளிகள் வரிசை வரிசையாகச் சாய்ந்துகொள்ளும். அப்போது கம்பி துவளும். ஒரு புள்ளி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. பக்கத்துப் புள்ளியின் கையை ஒன்றும் விடுவதுமில்லை. அதனால், மறுபடி சூடு பட்டதும் ஒவ்வொன்றும் தன் இடத்துக்கே நிமிர்ந்துவிடுகிறது. எவர்சில்வரை அதிகமாக வளைத்தால் புள்ளிகள் வரிசை விட்டு வரிசை தாண்டிப் போய்விடுகின்றன. போனது போனதுதான்.

நெய் குளிரில் உறைந்து சூட்டில் உருகுவதை நாம் தினமும் பார்க்கிறோம். அது திடம் திரவமாகிற மாற்றம். இந்தக் கம்பியோ திடமாக இருந்தபடியே உள்ளுக்குள் கோலம் மாற்றிக்கொள்கிறது.

இன்னொன்றும் உண்டு. வாய்ச் சூட்டில் நிமிர்ந்து நிற்கும்போதுகூட, அழுத்தி இழுத்தால் புள்ளிகள் அந்த இழுப்புக்குச் சாய்ந்து கொடுக்கும்; விட்டால் நிமிர்ந்துவிடும். 100 சென்டிமீட்டர் நிட்டினால் கம்பியை 108 வரை இழுத்தாலும் திரும்பி வந்துவிடுமாம். எவர்சில்வர் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரிலேயே தோற்றுப் போகும்.

அந்த லாட வடிவத்தை அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது? தொழிற்சாலையில் அச்சில் பிடித்து, 500 டிகிரி அளவில் சுட்டு எடுக்கிறார்கள். அந்தச் சூட்டில் படித்த பாடத்தைக் கம்பி பிறகு மறப்பதில்லை. "நம்ம ரசம், காபியெல்லாம் அந்தப் பாடத்தை மாத்த முடியாது, பயப்படாதீங்க" என்றார் டாக்டரம்மா.

ஏவுகணையிலிருந்து பல்லுக்கு

இந்தக் கம்பி வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், சுவாரசியமானது. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில், ஒயிட் ஓக் என்ற இடத்தில் கடற்படையின் ஆயுத ஆராய்ச்சிக் கூடம் இருந்தது. அங்கே வில்லியம் ப்யூலர் என்ற உலோக நிபுணர், ஏவுகணையின் மூக்கு நுனிக்கு வெப்பம் தாங்கும் உலோகம் தேடிக்கொண்டிருந்தார். 1959-ல் நிக்கலும் டைட்டானியமும் கலந்து வார்த்த சில கட்டிகள் அவரிடம் இருந்தன. ஆறிப்போன கட்டியைத் தரையில் போட்டால் 'தொப்'பென்று ஈயம் மாதிரி சத்தம். இன்னும் ஆறாத கட்டியைப் போட்டால் 'கணீர்' என்று மணிச் சத்தம்! ஒரே உலோகம், சூட்டுக்கு ஒரு குரல், குளிருக்கு ஒரு குரல்.

1961-ல் அந்தக் கூடத்தின் உயரதிகாரிகள் கூட்டம் ஒன்றில், விசிறி போல மடித்த ஒரு பட்டையைக் கைக்குக் கை கொடுத்து மடக்கி நீட்டிப் பார்த்தார்களாம். டேவிட் மஸ்ஸி என்பவர், சூடு காட்டினால் என்ன ஆகும் என்று தன் புகைக்குழாய் லைட்டரை அதன் கீழே பிடித்தார். மடிப்பெல்லாம் பிரிந்து பட்டை நீட்டி நிமிர்ந்துவிட்டது. நிக்கல், டைட்டானியம், அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் முதலெழுத்துகள் மூன்றும் சேர்ந்து அதற்கு 'நிட்டினால்' என்று பெயர் வந்தது.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் என்ற பல் சீரமைப்பு நிபுணர் இதைப் பல்லுக்குக் கொண்டுவந்தார். அவருடைய ஆய்வுக் கட்டுரை 1971-ல் வந்தது. அடுத்த வருஷமே கம்பி கடைக்கு வந்துவிட்டது. முதலில் வந்ததற்கு வளைந்து கொடுக்கும் குணம் மட்டும்தான் இருந்தது. 1985-ல் சீனத்துக் கம்பியைப் பற்றியும், 1986-ல் ஜப்பானியக் கம்பியைப் பற்றியும் கட்டுரைகள் வந்தன. அந்தக் கம்பிகள்தான் வாய்க்குள் புள்ளி சாய்ந்து நிமிரும் வித்தையைக் காட்டின. வாய்ச் சூட்டில் விழிக்கும் கம்பிகள் 1990-களில் பரவலாயின. செம்பு கொஞ்சம் சேர்த்த ஒரு வகை 27, 35, 40 டிகிரி என்று மூன்று தரத்தில் கிடைக்கிறது. 40 டிகிரிக் கம்பி வாயில் சும்மா இருக்கும்போது சோம்பிக் கிடக்கும்; சூடாக ஏதாவது சாப்பிட்டால்தான் எழுந்து வேலை செய்யும்! வலி கொஞ்சமும் தாங்காதவர்களுக்கு அது.

இந்த டிகிரிக் கணக்கு சாதாரணமல்ல. கலவையில் நிக்கல் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடினாலே, கம்பி விழிக்கும் சூடு 10 டிகிரி அளவுக்கு மாறிவிடுமாம். நாம் ஊறுகாய்க்கு உப்பு போடுவதைவிடக் கண்டிப்பான கைப்பக்குவம்!

மெதுவாக இழு, விடாமல் இழு

"அது சரி டாக்டர், பல்லை நகர்த்த நல்லா இறுக்கிக் கட்டினாத்தானே சீக்கிரம் வேலை முடியும்?" என்று என் அரைகுறை அறிவைக் காட்டினேன்.

"அங்கதான் எல்லாரும் தப்புப் பண்றோம்" என்றார். பல் சுவரில் அடித்த ஆணி அல்ல. அதற்கும் எலும்புக்கும் நடுவே, மெல்லிய நார்களாலான ஒரு மெத்தை இருக்கிறது. பல்லை இதமாகத் தள்ளினால், தள்ளும் பக்கத்து எலும்பு மெல்லக் கரையும். விட்டுவந்த பக்கத்தில் புது எலும்பு வளரும். இந்த வேலையைச் செய்வது உயிருள்ள அணுக்கள். அவற்றுக்கு ரத்த ஓட்டம் வேண்டும். கண்டபடி இறுக்கினால் அந்த மெத்தை நசுங்கி ரத்த ஓட்டம் நின்றுவிடும். பல் நகருவதற்குப் பதில் நின்றுபோகும், வலிதான் மிச்சம். ஒரு பல்லைச் சாய்த்து நகர்த்த 35 முதல் 60 கிராம் விசை போதுமாம். ஒரு கோழிமுட்டையின் எடை! நகருவதும் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான்.

எவர்சில்வர் கம்பி, முதல் நாள் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுக்கும் முரட்டு மாமா மாதிரி. பல் கொஞ்சம் நகர்ந்ததும் அதன் வேகம் அடங்கிவிடும். மறுபடி இறுக்க வேண்டும். அந்த நாளில் என் வாயில் வளையம் வளையமாக முறுக்கியதுகூட, கம்பியின் நீளத்தைக் கூட்டி முரட்டுத்தனத்தைக் குறைக்கத்தான் என்று இப்போதுதான் தெரிந்தது. 35 வருஷமாக அந்த டாக்டரை மனசுக்குள் வைதுகொண்டிருந்தேன், பாவம்!

நிட்டினால் கம்பியோ, முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வரும் குழந்தை மாதிரி. பலமாக இழுக்காது, ஆனால் விடவும் விடாது. கொஞ்சம் வளைத்தாலும் நிறைய வளைத்தாலும் அதன் இழுப்பு ஏறக்குறைய ஒரே அளவு. பல் நகர்ந்த பிறகும் அதே அளவில் வாரக்கணக்கில் தொடரும். எந்த அம்மாவுக்குத் தெரியாது, இரண்டில் எது ஜெயிக்கும் என்று?

அதற்காக வலியே இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டாக்டரம்மாவே ஒளிக்காமல் சொன்னார்: "கம்பிக்குக் கம்பி வலி எவ்வளவு குறையுதுன்னு ஆராய்ச்சிகள்ல இன்னும் தெளிவா முடிவாகலை. வலி ஆளுக்கு ஆள் மாறும்." போட்ட சில மணி நேரத்தில் ஆரம்பித்து, மறுநாள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடுவதுதான் வழக்கம். அது தெரியாமல்தான் முதல் இரவிலேயே நாங்கள் இருவரும் பயந்துபோனோம்.

முழுச் சிகிச்சையும் இந்தக் கம்பியாலேயே முடிந்துவிடாது. முதலில் மெல்லிய உருண்டைக் கம்பி. என் பெண்ணுக்குப் போட்டது 0.014 அங்குலம், அதாவது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். பிறகு படிப்படியாகக் கொஞ்சம் தடிமன், அப்புறம் பட்டைக் கம்பி. வரிசை நேரான பிறகு கடைசி வேலைகளுக்கு அதே பழைய எவர்சில்வர்தான் வேண்டும். அசையாமல் பிடித்து நிறுத்துவதில் அதை மிஞ்ச முடியாதாம். முரட்டு மாமாவுக்கும் குடும்பத்தில் ஒரு வேலை உண்டு!

காதில் புண் வருமா?

கிளிப் போடுவதற்கு முன்பே டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்டிருந்தார். "கவரிங் தோடு போட்டா பாப்பாவுக்குக் காது அரிக்குமா, புண்ணாகுமா? வாட்ச் பக்கிள் படற இடத்துல தடிப்பு வருமா?" அப்போது இந்தக் கேள்விக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். சம்பந்தம் நிக்கல்! கவரிங் நகை பலவற்றில் நிக்கல் இருக்கிறது. அது ஒத்துக்கொள்ளாதவர்கள் பலர். அதிலும் பெண்களே அதிகம், காது குத்திக்கொள்வதால்.

பின்லாந்தில் பள்ளிப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு செய்து 1996-ல் வெளியிட்டார்கள். காது குத்திய பெண்களுக்கு நிக்கல் ஒவ்வாமை மிக அதிகமாக இருந்தது. ஆனால் காது குத்துவதற்கு முன்பே பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்ட பெண்களிடம் அது காணப்படவில்லை. வாய்வழியாக முதலில் பழகியதால் உடம்பு அதை ஏற்றுக்கொண்டிருக்கலாம் என்கிறார்கள். நம் வீடுகளிலோ மாமன் மடியில் உட்கார வைத்துக் கைக்குழந்தைக்கே காது குத்திவிடுகிறோம். குத்துவதில் தப்பில்லை, அந்தப் புண் ஆறும் வரையாவது கவரிங்கைக் கிட்டே சேர்க்காமல் தங்கத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நிட்டினால் கம்பியில் பாதிக்கு மேல் நிக்கல்தான். ஆனால் அதன் மேல் டைட்டானியம் ஒரு மெல்லிய ஆக்ஸைடு தோல் போர்த்திக் காவல் காக்கிறது. தோலைவிட வாயின் உட்புறத்துக்குத் தாங்கும் சக்தியும் அதிகம். அதனால் பெரும்பாலோருக்குத் தொந்தரவு வருவதில்லை. ஆனாலும் உதட்டோரம் தடிப்பு, வாயில் எரிச்சல், முகத்தில் அல்லது கையில் அரிப்பு என்று வந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். நிக்கல் இல்லாத டைட்டானியக் கம்பிகள் இருக்கின்றன.

என் பெண்ணுக்குக் கவரிங் ஒத்துக்கொள்ளும். எனக்குத்தான் ஒரே நாளில் காது புண்ணாகிவிடும். அதையும் டாக்டரம்மா தன் நோட்டில் குறித்துக்கொண்டார். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அம்மாக்களின் கவனத்துக்கு

என் அனுபவத்திலும், டாக்டரம்மா சொல்லிக் கொடுத்ததிலும் முக்கியமானவை இவை:

கம்பி போட்ட அல்லது மாற்றிய முதல் இரண்டு நாள் காபி, பால், ரசம் எதையும் சுடச்சுடக் கொடுக்க வேண்டாம். ஆறவைத்துக் கொடுங்கள். தயிர் சாதம், குழைந்த இட்லி, ஆறிய கஞ்சி உத்தமம்.

வலி வந்தால் ஐஸ் தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளிக்கட்டும். கம்பி கொஞ்ச நேரம் துவண்டு கொடுக்கும். ஆனால் ஐஸ் கட்டியைக் கடிக்கக் கூடாது; பல்லில் ஒட்டிய கிளிப் பெயர்ந்துவிடும். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரும் வேண்டாம். கம்பி தூங்கிக்கொண்டே இருந்தால் பல்லை யார் நகர்த்துவது? மாத்திரை தேவைப்பட்டால் டாக்டர் சொன்ன அளவில் மட்டும்.

முறுக்கு, கடலை மிட்டாய், கரும்பு, தேங்காய்ச் சில்லு, எல்லாவற்றுக்கும் தற்காலிக விடுமுறை. கொய்யா, ஆப்பிள் என்றால் சிறு துண்டுகளாக நறுக்கிக் கொடுங்கள்.

பல் நேராகும்போது கம்பியின் நுனி பின்பக்கம் நீண்டு கன்னத்தைக் குத்தும். பயப்பட வேண்டாம், வேலை நடக்கிறது என்று அர்த்தம்! டாக்டர் கொடுக்கும் மெழுகை உருட்டி நுனியில் ஒட்டிவிட்டு, மறுநாள் போய் வெட்டிக்கொள்ளலாம். வீட்டில் குறடு எடுத்து மடக்கப் பார்க்காதீர்கள். இந்தக் கம்பி மடங்காது; நிமிர்ந்து மறுபடி குத்தும். டாக்டர்களே நுனியைச் சூடு காட்டிப் பதம் இறக்கித்தான் மடக்குவது வழக்கம்.

சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு முறையும் பல் தேய்க்க வேண்டும். சாதாரண ஃப்ளோரைடு பற்பசை போதும். கடுமையான ஃப்ளோரைடு ஜெல்லை டாக்டர் சொல்லாமல் தடவ வேண்டாம். புளிப்புத் தன்மையுள்ள ஜெல் கம்பியின் காவல் தோலை அரித்து, அதை முறியவைக்கக்கூடும்.

கடைசியாக ஒன்று. கம்பிக்கு மட்டுமல்ல, பல்லுக்கும் ஞாபகசக்தி உண்டு. ஈறின் நார்கள் பழைய இடத்தையே நினைத்துக்கொண்டிருக்கும். கிளிப்பைக் கழற்றிய பிறகு ரிடெய்னர் என்று ஒன்று கொடுப்பார்கள். அதைப் பெட்டியில் போட்டு மறந்தால், என் பற்கள் திரும்பிப் போன கதைதான்.

இன்னொரு இரவு

அன்று டாக்டரம்மாவின் மேஜையில் கம்பி நெளிந்து நிமிர்ந்ததைப் பார்த்த பிறகு, என் பெண் ஒரு நாளும் "கழட்டச் சொல்லு" என்று சொல்லவில்லை. வலி போனதால் அல்ல. எதற்காக வலிக்கிறது என்று தெரிந்துவிட்டதால். டாக்டரம்மா கொடுத்த பழைய கம்பித் துண்டை பென்சில் டப்பாவில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத் தோழிகளுக்கெல்லாம் வேடிக்கை காட்டினாள். 14 மாதம் ஆகிறது. மாடி ஏறி நின்ற சிங்கப்பல் கீழே இறங்கி, சமர்த்தாக வரிசையில் நிற்கிறது. "அதிர்ஷ்டம் எங்கேயும் போகலை, கொஞ்சம் கீழே இறங்கி வந்திருக்கு" என்கிறார் என் மாமியார் இப்போது!

ஒரு நாள் டாக்டரம்மா என்னைப் பார்த்து, "நீங்க ஏன் போட்டுக்கக் கூடாது?" என்றார்.

"48 வயசுலயா? ஊர் சிரிக்கும்."

"ஊர் சிரிக்கட்டும், நீங்களும் சிரிக்கலாமே! ஈறும் எலும்பும் ஆரோக்கியமா இருந்தா வயசு ஒரு தடையில்லை. கொஞ்சம் நிதானமா நகரும், அவ்வளவுதான். உங்களுக்குக் கவரிங் ஒத்துக்காதுன்னு குறிச்சு வச்சிருக்கேன், நிக்கல் இல்லாத கம்பியாப் பார்த்துக்கலாம்."

மூன்று வாரம் யோசித்தேன். கணவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "இத்தனை வருஷமா நீ வாயை மூடிச் சிரிக்கறதைத்தான் பார்க்கறேன். திறந்து சிரிச்சா எப்படி இருக்கும்னு நானும் பார்க்கணுமே" என்றார் அவர்.

போன மாதம் போட்டுக்கொண்டேன். கம்பி வேறு, அது ஐஸ் தண்ணிக்குத் துவளாது என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பினார். அன்று இரவு மணி பதினொன்று. தாடையைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன். பழக்க தோஷம், கை பால் பாத்திரத்தைத் தேடியது.

பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது. திரும்பினால் என் பெண். கையில் ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீர்.

"பாலை வையும்மா கீழே. இதைக் கொப்பளி. உன் கம்பிக்கு இல்லாட்டியும் ஈறுக்கு இதமா இருக்கும். ரெண்டு நாள்தான், அப்புறம் சரியாயிடும்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையைத் தேடிய கையை அவள் பிடித்துக்கொண்டாள்.